ஆறுகுழாயில் ஒரு டம்ளர் குறைந்தது

அன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தனகோட்டியின் இட்லிக் கடையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அடுப்பருகே தனகோட்டி, முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவள் கணவர் ஏகாம்பரம், பேப்பர் படித்துக்கொண்டிருந்த குடியிருப்போர் சங்கத் தலைவர் முனிரத்தினம், மீன் கூடையோடு ரோசலின், சைக்கிள் கடை காசிம் பாய், ஆலையின் காலை ஷிப்டுக்குப் போக மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர், அதில் ஒருவர் பெயர் தயாளன், மற்றவர் வாய் நிறைய இட்லி இருந்ததால் பெயர் கேட்க முடியவில்லை, எட்டாவது ஆள் நான். ஓர் ஆடும் இருந்தது. அதை நான் சேர்க்கவில்லை.

எங்கள் குடியிருப்பின் பெயர் ஆறுகுழாய். கப்பலிலிருந்து கச்சா எண்ணெயை ஆலைக்குக் கொண்டுபோகும் ஆறு பெரிய குழாய்கள் எங்கள் தெருமுனையில் சாலையைத் தாண்டுகின்றன, அதனால் அந்தப் பெயர். மொத்தம் நாற்பத்தொரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஆலையில் வேலை பார்த்தவர் அல்லது பார்ப்பவர் ஒருவராவது உண்டு. நான் எட்டாம் வகுப்பு வரை படித்து, முப்பத்தொரு வருடம் அங்கே எண்ணெய் டேங்க்குகளின் மேல் ஏறி அளவு பார்த்தேன். நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய இரும்பு டேப்பை உள்ளே இறக்கி, எண்ணெய் நனைத்த இடத்தில் மில்லிமீட்டரைப் படிக்க வேண்டும். ஒரு முறை படித்ததை எழுதக்கூடாது, மூன்று முறை இறக்கி இரண்டு முறையாவது ஒரே எண் வந்தால்தான் எழுதலாம். பிறகு பாட்டிலில் மாதிரி பிடித்து, கழுத்தில் தேதிச்சீட்டு கட்டிவிட்டு இறங்க வேண்டும். தெருவில் என்னை அளவு நைனா என்பார்கள். நான்கு பேருக்கு மேல் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

கடைக்கு எதிரே பன்னிரண்டு அடி தள்ளி ஓர் அடிபம்பு. அதில் வரும் தண்ணீர் ஒரு வருடம் மஞ்சளாக இருந்தது, ஒரு வருடம் சோப்பு வாசனை அடித்தது, போன மழைக்காலத்தில் மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியது, ஆகவே அன்று காலை தனகோட்டி அடித்தபோது கறுப்பாக வந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிரே வந்த நான் வாசனையைப் பிடித்துவிட்டு, "கச்சா எண்ணெய்" என்றேன். "இருக்கட்டும்ணே, வேற தண்ணி லாரி பத்து மணிக்குதான் வரும்" என்றாள். நான் பானையைப் பார்த்தேன், வழக்கம்போல மாதிரி பிடித்துக்கொண்டேன், அவள் மீதியை ஆறு தட்டு வைத்த பெரிய இட்லிக் குண்டானில் ஊற்றினாள். குண்டானின் உள்ளே ஒரு வளையம் உண்டு. அந்த வளையம் நனைந்தால்தான் ஆவி மேலே ஏறும், இல்லையென்றால் அடிபிடிக்கும்.

"இன்னாண்ணே இது, நாப்பது டம்ளர் புடிக்கிற பானை, இன்னிக்கு ஒரு டம்ளர் கொறையுது" என்று சொல்லிவிட்டு அவளே பம்பில் இன்னொரு டம்ளர் பிடித்து ஊற்றி மூடினாள்.

பதினான்கு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது அடித்தட்டின் குழிகளில் தார் இருந்தது, அதற்கு மேல் தட்டில் கெட்டி எண்ணெய், அதற்கு மேல் டீசல், அதற்கு மேல் மண்ணெண்ணெய், அதற்கு மேல் பெட்ரோல் வாசனையோடு பச்சைத்தண்ணீர் போன்ற ஒன்று, உச்சித்தட்டின் குழிகளோ காலியாக இருந்தன, ஆனால் தனகோட்டி தீக்குச்சியைக் காட்டியதும் ஒவ்வொரு குழியிலும் நீலச் சுடர் ஒன்று இட்லி அளவுக்கு உப்பி நின்றது.

யாரும் கத்தவில்லை. ஆலையின் பெரிய கோபுரத்தில் நடப்பது இதுதான் என்று தெருவுக்கே தெரியும். ஏகாம்பரம் மட்டும் துருவலை நிறுத்திவிட்டு, "அங்க ஐம்பது மாடி ஒசரத்துக்குக் கட்டி வச்சிகினு செய்றான், நம்ம வூட்டுக்காரி ஆறு தட்டுல முடிச்சிட்டா பாரு" என்றார்.

தயாளன்தான் அடுத்ததைச் சொன்னார். "அக்கா, இப்ப புது யூனிட்ல இதோட நிறுத்துறது இல்ல. எரிக்கிறதுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு, மிச்சத்தையெல்லாம் திரும்பத் திரும்ப உள்ள விடுறாங்க. தார் உள்பட. பிளாஸ்டிக்குக்குத்தான் இப்ப எல்லாமே. நீயும் திருப்பி ஊத்திப் பாரேன்."

மேல்தட்டில் சுடராக எரிந்த வாயுவையே சைக்கிள் டியூபில் பிடித்து அடுப்புக்கு விட்டார்கள், காசிம் பாய் டியூபுக்கு வாஷர் போட்டார். மற்ற தட்டுகளையெல்லாம் அடியில் கவிழ்த்து இரண்டாம் முறை அவித்தபோது குழிகள் நிறைய வெள்ளை மணிகள் வந்தன. தனகோட்டி ஜவ்வரிசி என்று நினைத்து ஒன்றைக் கடித்துத் துப்பினாள். மூன்றாம் முறை மூடி வைத்தபோது முனிரத்தினம் பேப்பரை மடித்துக்கொண்டு, குண்டானைப் பார்த்து, கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற குரலில், "பெரிய குடமா ஒண்ணு" என்றார்.

குடம் வந்தது. பெரியதாகத்தான் இருந்தது, பளபளப்பாகவும் இருந்தது, ஆனால் அதற்கு வாய் இல்லை. தட்டிப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள், எந்தப் பக்கமும் துளை கிடையாது.

"நீ வாயைப் பத்தி எங்க சொன்ன?" என்றாள் ரோசலின். "உன் வாயைப் பார்த்துட்டு, இன்னொன்னு வேணாம்னு வுட்டுடுச்சி."

முனிரத்தினம் அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார். உட்கார வசதியாக இருந்தது. இன்றைக்கும் சங்கக் கூட்டங்களில் அவர் அதில்தான் உட்காருகிறார்.

அந்தக் குடத்தால்தான் எனக்கு வேலை வந்தது. குண்டானுக்கு எண்களைச் சொல்ல வேண்டும் என்று தெருவுக்குப் புரிந்துவிட்டது. உயரம் இத்தனை, வாய் இத்தனை, சுவர் கனம் இத்தனை என்று மில்லிமீட்டரில் சொன்னால் சொன்னபடி கொடுக்கும், சொல்லாததைக் கொடுக்காது. மில்லிமீட்டரைச் சத்தமாகச் சொல்ல ஆள் வேண்டும், எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

அன்று மத்தியானமே பம்பின் தலையைக் கழற்றி என் டேப்பை இறக்கினேன். மூன்று முறை இறக்கினேன், இரண்டு ஒத்துப்போனது. உள்ளே இருந்தது ஆயிரத்து அறுநூற்று நாற்பது டம்ளர். ஓர் ஈட்டுக்கு நாற்பது டம்ளர் என்றால் சரியாக நாற்பத்தொரு ஈடு. வீடும் நாற்பத்தொன்று. முனிரத்தினம் டோக்கன் எழுதினார், வாயில்லாத குடம் கணக்கில் வராது என்று தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டார். தனகோட்டி நாற்பத்தொன்றாம் டோக்கனைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"குண்டான் உன்னுது, அடுப்பு உன்னுது, நீ மொதல்ல எடுத்துக்கம்மா" என்றார் காசிம் பாய்.

"கடைக்காரி கடைசியில்தான் பாய் சாப்பிடணும். மொதல்ல சாப்பிட்டா வியாபாரம் நிக்காது."

அவளுக்கு வேண்டியது என்ன என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரைப் புண்ணில் ஏகாம்பரத்தின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏகாம்பரம் ஆலையில் சாரம் கட்டியவர், கோபுரங்களின் உச்சியில் நின்று பீடி கேட்டவர். முகாம் ஒன்றில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். அது பதினெட்டு மில்லிமீட்டர் குட்டை. போட்டுக்கொண்டு நான்கு நாள் நடந்தார், ஐந்தாம் நாள் ஆணியில் மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர்தான்.

அடுத்த நாளிலிருந்து காலை வியாபாரம் முடிந்து பத்தரை மணிக்கு ஒரு நாளைக்கு ஓர் ஈடு என்று நடந்தது. பம்பில் நாற்பது டம்ளர் அளந்து பானையில் பிடிப்போம், இரண்டு பேர் தூக்குவார்கள், நான் கூடவே நடப்பேன், பன்னிரண்டு அடி தாண்டிக் குண்டானில் ஊற்றினால் வளையத்துக்கு ஒரு டம்ளர் குறையும். ஒவ்வொரு நாளும் ஒரு டம்ளர், அரை டம்ளர் இல்லை, ஒன்றேகால் இல்லை. ஒரு டம்ளர் கூடப் பிடித்து ஊற்றினால்தான் ஆவி ஏறியது.

மூன்றாம் நாள் நான் கணக்குப் போட்டேன். நாற்பது வீட்டுக்கு வீட்டுக்கு நாற்பத்தொரு டம்ளராகப் போனால் ஆயிரத்து அறுநூற்று நாற்பதும் தீர்ந்துவிடும். நாற்பத்தொன்றாம் வீட்டுக்கு ஒரு சொட்டு இருக்காது. இதைத் தெருவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடை காலியான நேரம் பார்த்துத் தனகோட்டியிடமும் ஏகாம்பரத்திடமும் சொன்னேன்.

அவள் தட்டைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கேண்ணே. பன்னெண்டு அடி தூரம். அதுக்குள்ள எங்க போவுதுன்னு கண்டுபுடிக்க மாட்டீங்களா?"

ஏகாம்பரம் சிரித்தார். "நைனா, எனக்கு ஓடறதுக்குக் கால் வேணாம். ரெண்டு வருஷமா இவ மூஞ்சியைக் கீழ இருந்தே பாக்குறேன். தாடையும் மூக்கு ஓட்டையும்தான் தெரியுது. ஒரு தபா நேருக்கு நேரா நின்னு பேசிட்டா போதும்."

அந்தப் பன்னிரண்டு அடியை நான் தேட ஆரம்பித்தேன். பானையைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. வெயிலில் ஆவியாகிறதோ என்று ஈரச்சாக்கு போர்த்தி எடுத்துப்போனோம், அப்படியும் ஒரு டம்ளர் குறைந்தது. தரையில் சுண்ணாம்பு தெளித்து வைத்தேன், ஒரு கறுப்புச் சொட்டும் விழவில்லை, ஆட்டின் குளம்பு மட்டும் பதிந்திருந்தது, ஆட்டை இரண்டு நாள் கட்டிப்போட்டோம். டம்ளரை மாற்றினோம். ஆளை மாற்றினோம். என் மேற்பார்வையில் ஏழு ஜோடிகள் பானை தூக்கினார்கள், ஏழு ஜோடிக்கும் ஒரே குறைவு.

குறைவு தெருவுக்குத் தெரிந்துபோனது, தெரிந்ததும் தெரு அதைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. எடுத்துக்கொள்வது எல்லையம்மன் என்று சிலர் பம்பின் கைப்பிடிக்கு மஞ்சள் பூசினார்கள். ரோசலின் தன் பங்குக்கு ஒரு மெழுகுவத்தி வைத்தாள், எண்ணெயிலிருந்து மூன்றடி தள்ளி. "பூமிக்கு ஒரு வாய் கொடுக்காம எதையும் எடுக்க முடியாது" என்றார் காசிம் பாய். முனிரத்தினம் அதை 'போக்குவரத்துக் குறைவு' என்று சங்கத்தின் பதிவேட்டில் எழுதினார். பேர் வைத்துவிட்டதால் அது தீர்ந்துவிட்டது என்பது அவர் எண்ணம். ஆலையிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து முகர்ந்து பார்த்தார், தங்கள் குழாய் ஒவ்வொன்றும் சரியாக இருப்பதாகச் சொன்னார், நான் குறித்து வைத்திருந்ததைப் படித்துத் தலையாட்டினார், ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இதற்குள் பொருட்கள் வந்துகொண்டிருந்தன. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிற தெருவுக்கு என்ன வேண்டும்? இருபத்திரண்டு வீடு குடம் கேட்டது. ஒன்பது வீடு வாளியும் தொட்டியும். நான்கு வீடு மீன் வலை, மூன்று வீடு தார்ப்பாய். ரோசலினுக்கு ஐஸ் தண்ணீர் வடிய அடியில் துளையுள்ள மீன் கூடை, அதன் துளைகள் எழுபத்திரண்டையும் நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். காசிம் பாய்க்குக் காற்றடிக்கும் பம்பு. ஆக நாற்பது. முதல் வாரம் நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மூன்றாம் வாரம் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னேன், ஆனால் குண்டானை மட்டும் பார்த்து. மூடி திறந்து மணிமணியாக இருந்தது சொன்ன அளவில் எழும்பும்போதெல்லாம், தார் எங்கே, கப்பல் எங்கே, இந்தக் கூடை எங்கே என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. முப்பத்தொரு வருடம் டேங்க்கின் வாயில் நின்றிருக்கிறேன், உள்ளே போன எண்ணெய் என்னவாகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

முப்பத்தைந்தாம் நாள் ஏகாம்பரத்தின் காலை அளக்கப் போனேன். அவர் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.

"வுடு நைனா. எண்ணெயே இல்லாதப்போ அளவு எதுக்கு? கேம்ப்புல அளந்தவனும் டேப்புதான் வச்சிருந்தான்."

"எத்தனை முறை அளந்தான்?"

"ஒரு தபா."

"அதுதான்" என்றேன்.

ஏகாம்பரம் என் டேப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வேட்டியை விலக்கினார். இருக்கிற காலை வைத்து இல்லாத காலை அளந்தேன். நீளம் 430, 430, 431. இரண்டு ஒத்துப்போனது. மற்ற இடங்களையும் அப்படியே எடுத்து, மொத்தம் பதினோரு எண்கள் எழுதிக்கொண்டேன்.

நாற்பதாம் டோக்கன் முடிந்த அன்று பம்பில் டேப்பை இறக்கினேன். பித்தளைக் குண்டு காய்ந்தபடியே வந்தது, மூன்று முறையும். தனகோட்டி நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டையைச் சட்னிப் பாத்திரத்துக்கு மூடியாகக் கவிழ்த்தாள். "சரிண்ணே, நீங்களும் தேடினீங்க" என்றாள். ஏகாம்பரம் தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினார். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். என் மனைவி வேதவல்லி துடைப்பத்தோடு வந்தாள். அவள் ஆலைப் பக்கம் போனவள் இல்லை, திருவள்ளூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம்.

"காலைத் தூக்குங்க. கட்டிலடியில பெருக்கி நாப்பது நாளாச்சி, தொடப்பமே போவ மாட்டேங்குது."

"ஏன்?"

"ஏன்னா? நீங்கதான் தினம் ஒரு டானிக் பாட்டிலைக் கொண்டாந்து வரிசையா நிக்க வைக்கிறீங்களே. கறுப்பா என்னத்தையோ ஊத்தி, சீட்டு வேற கட்டி."

நான் குனிந்து பார்த்தேன். பாட்டில்கள் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய சீட்டு, என் கையெழுத்து, தேதி. கூடவே நடக்கும்போது இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்துப் பானையில் முக்கி மூடி போட்டிருக்கிறது என் கை, முப்பத்தொரு வருடமாகச் செய்தபடி. பாட்டில் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மாதிரி என்பது கணக்கில் வராது, ஆலையில் அதை யாரும் எண்ணியதில்லை, நானும் எண்ணவில்லை. ஒரு பாட்டிலை எடுத்துச் சமையலறை டம்ளரில் ஊற்றினேன். விளிம்பு வரை வந்து நின்றது, ஒரு சொட்டு அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு நாற்பத்தொரு வீட்டு ஆட்களும் கடை முன்னால் நின்றார்கள், மற்றவர் பொருளைப் பார்க்க வந்து பழகிய பழக்கம். நானும் வேதவல்லியும் காசிம் பாயின் தள்ளுவண்டியில் பாட்டில்களைக் கொண்டுவந்தோம். கடைப் பலகையில் ஏறி நின்றேன். எதிரே நூற்று அறுபது பேருக்குக் குறையாது.

"குறைஞ்ச டம்ளரை எடுத்தது நான்தான்" என்றேன். "எடுத்ததாவே எனக்குத் தோணலை. தினம் ஒண்ணு. மாதிரி பிடிச்சிருக்கேன்."

முனிரத்தினம் வாயில்லாத குடத்திலிருந்து எழுந்தார். "அட, நைனா மாதிரி புடிக்கிறதை நாமதான் தினம் பார்த்தோமே. மாதிரிதானே. அது கணக்குல வராதே."

"அது எப்படி வரும்?" என்றார் தயாளன். "மாதிரியை யார்யா கழிப்பா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர், ஆலையில் வேலை பார்த்த தெரு முழுக்கத் தலையாட்டியது.

வேதவல்லி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இத்தனை பேர் இருந்துமா?" என்றாள். ரோசலின்தான் முதலில் சிரித்தாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள், பிறகு தெருவே சிரித்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவர் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாகப் பானையில் கவிழ்த்தோம். நாற்பதாவது பாட்டில் கவிழ்ந்ததும் பானை நிறைந்தது. இரண்டு பேர் தூக்கினார்கள், நான் கூடவே நடந்தேன். ஏழாவது அடியில் தனகோட்டியின் கரண்டி என் மணிக்கட்டில் சுளீரென்று விழுந்தது.

"அண்ணே, கையை எடுங்க."

பார்த்தேன். என் கையில் காலி பாட்டில் இருந்தது.

வளையம் நனைந்தது. தட்டு தட்டாகப் பிரிந்தது, திரும்ப அடிக்குப் போனது, தார் வரை ஒன்றும் மிச்சமில்லாமல் மணியானது. மூன்றாம் முறை மூடியபோது நான் பதினோரு எண்களையும் சொன்னேன், குண்டானைப் பார்த்து இல்லை, ஏகாம்பரத்தைப் பார்த்து. மூடியைத் திறந்தாள். கால் சூடாக இருந்தது. ஆறவிட்டு அளந்தேன். 430, 430, 430. மூன்றும் ஒத்துப்போவதை என் வாழ்நாளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஏகாம்பரம் பட்டையை இழுத்துக் கட்டினார். காசிம் பாய் கை கொடுத்தார், வேண்டாம் என்றார். முக்காலியைப் பிடித்து எழுந்தார், முக்காலியை விட்டார், அடுப்பைச் சுற்றி நான்கு அடி நடந்து தனகோட்டியின் எதிரே போய் நின்றார். தனகோட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா நீ," என்றாள், "இவ்ளோ குள்ளமாவா இருந்த?"

அளந்து சொல்லும்படி இருவரும் என்னைக் கேட்டார்கள். அவர் அவளைவிட ஆறு மில்லிமீட்டர் உயரம். மூன்று முறை அளந்தேன்.

பம்பில் இப்போது தண்ணீர் வருகிறது, லேசான மஞ்சள். பெரிய குண்டானில் மறுபடியும் இட்லி அவிக்கிறார்கள், சட்னியை ஏகாம்பரம் நின்றுகொண்டு பரிமாறுகிறார். நான் கொண்டுவந்த பாட்டில்கள் நாற்பத்தொன்று, பானைக்குப் போனவை நாற்பது. முதல் நாள் வாயில்லாத குடத்துக்குப் பிடித்த மாதிரி, டம்ளரில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பாட்டிலில் அடைத்தது, அது தேவைப்படவில்லை. பொருள் போய்ச் சேர்ந்து முப்பது நாள் யாரும் குறை சொல்லாவிட்டால் மாதிரியைக் கொட்டிவிடலாம் என்பது ஆலை வழக்கம். இன்றோடு இருநூற்றுப் பதினொரு நாள். ஏகாம்பரம் குறை எதுவும் சொல்லவில்லை. நானும் கொட்டவில்லை. வேதவல்லி அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறாள்.

மிச்சம், ஒரு பாட்டில்.